சோம்பும் அதற்குத் துணையாகும் பொருள்களும்

நமது இல்லங்களில் அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால், கடுகு, சீரகம், வெந்தயம் ஆகியவற்றின் அருகே சோம்பும் இருக்கக் காண்போம். சோம்பு எனினும் பெருஞ்சீரகம் எனினும் ஒன்றே. புதுச்சேரி நகரிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் மசால் வடை, குருமா, இறைச்சிக் கறி முதலியவற்றில் அது தவறாது சேர்க்கப்படுகிறது. எனினும், இதனை எதனோடு, எப்பொழுது, எவ்வளவு சேர்த்தல் வேண்டும் என்பதைக் காரணத்தோடு அறிந்தோர் சிலரே. விலை கொடுத்து வாங்கிய சரக்கு மணமின்றிப் போவதும், நமது நிலத்தில் விளைந்த காய்கறி சுவை குன்றுவதும் இவ்வறியாமையால் விளையும் நஷ்டங்களாம்.

இது எங்கே விளைவது?

சோம்பு நமது கரையோரத்துக்குரிய பயிரன்று. இந்தியாவில் அது பெரும்பாலும் குஜராத்திலும் இராஜஸ்தானத்திலும் சாகுபடியாகிறது. பூத்துக் காய்க்குங் காலத்தில் அதற்குக் குளிர்ந்த, வறண்ட வானிலை வேண்டும். மேகமூட்டமும் ஈரமும் மிகுந்தால் அசுவினிப் பூச்சியும் கருகல் நோயும் பற்றிக்கொள்ளும். ஆகையால் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருக்கும் நமது நிலங்களில் இதனை விற்பனைக்காகப் பயிரிட முற்படுதல் உசிதமன்று. ஆனால் இதற்குத் துணையாகும் சின்ன வெங்காயம், கத்தரி, வாழைக்காய், மொச்சை, தேங்காய் ஆகியவை நாம் விளைவிப்பன. அவற்றின் அருமையை உயர்த்தும் சரக்கு என்ற வகையிலேயே சோம்பு நமக்கு முக்கியமாகும்.

மணத்தின் இயல்பு

நாம் விதையென்று சொல்லுவது உண்மையில் இச்செடியின் உலர்ந்த கனியே. அதன் மேல்தோலுக்குள் நுண்ணிய எண்ணெய்க் குழல்கள் உள்ளன. அவ்வெண்ணெயில் பெரும்பங்கு அனெத்தோல் என்னும் பொருள். இனிப்பு மணத்துக்குக் காரணம் அதுவே. இப்பொருள் எண்ணெயில் எளிதிற் கரையும். நீரிற் கரைவது மிகச் சொற்பம். பிரெஞ்சுக்காரர் அருந்தும் பாஸ்தீஸ் என்னும் மதுவில் நீரை வார்த்தவுடன் அது பால்போல் வெளுத்துப்போவதும் இக்காரணம் பற்றியே. சாராயத்தில் கரைந்திருந்த அனெத்தோல் நீர் மிகுந்தவுடன் நுண்துளிகளாய்ப் பிரிந்து நிற்கிறது.

இதிலிருந்து சமையலுக்கு மூன்று விதிகள் பெறப்படும். முதலாவது, சோம்பைக் கொதிக்கும் நீரில் இடாமல், காய்ந்த எண்ணெயில் முதலில் இடவேண்டும். அல்லது எண்ணெய்ப்பசையுள்ள தேங்காயுடன் சேர்த்து அரைக்கவேண்டும். இரண்டாவது, பொடித்தவுடன் குழல்கள் உடைந்து மணம் வெளியேறத் தொடங்குவதால், வேண்டும்பொழுது வேண்டியமட்டும் பொடிப்பதே நலம். மூன்றாவது, சிறுதீயில் மணம் எழும்வரை மட்டும் வறுக்கவேண்டும், கருகினால் கசக்கும்.

பொருத்தமான சேர்க்கைகள்

இனிப்பு மணமுடைய சோம்பு, காரத்தையும் கொழுப்பையும் நாடும். ஆட்டிறைச்சிக்கு மிளகு, பட்டை, கிராம்பு, தேங்காய் ஆகியவற்றோடு இது நன்கு பொருந்தும். அரைக் கிலோ இறைச்சிக்கு ஒரு தேக்கரண்டி சோம்பு போதும். கடலைப் பருப்பு வடையில் வெங்காயம், காய்ந்த மிளகாய் இவற்றோடு அரைத் தேக்கரண்டியை ஒன்றிரண்டாகத் தட்டிச் சேர்க்கலாம். வாழைக்காய், உருளைக்கிழங்கு, மொச்சை ஆகிய மந்தமான பொருள்களைப் பூண்டோடும் சோம்போடும் வதக்கினால் சுவை எழும்பும்.

மீனோடு இதனைச் சேர்ப்பது நமக்கு மாத்திரம் உரிய வழக்கன்று. பிரான்சின் தென்கரையிலும் சோம்புத் தண்டோடு மீனைச் சுடுவர். யாழ்ப்பாணத்தார் தம் கறித்தூளில் மல்லி, சீரகம் இவற்றுடன் பெருஞ்சீரகத்தையும் இடுவர். காஷ்மீரத்தில் சோம்புப் பொடியும் சுக்குப் பொடியும் இணைபிரியாதவை. நமது புளிக்குழம்பில் மாத்திரம் கைகுறைத்து இடுக. புளிப்பும் இனிப்பு மணமும் மிகுந்தால் ஒன்றையொன்று கெடுக்கும். அன்னாசிப்பூவிலும் அனெத்தோலே மிகுதியாதலின், அதனைச் சேர்த்த கறியில் சோம்பைப் பாதியாகக் குறைக்கவேண்டும். இரசத்துக்குச் சீரகமும் பெருங்காயமும் போதுமானவை.

வெங்காய வடகம்

புதுச்சேரியின் வடகம் பிரெஞ்சுச் சமையற்காரரிடையே வடுவான் என்னும் பெயரால் புகழ்பெற்றது. சின்ன வெங்காயம் மலிந்து, வைத்தால் அழுகும், விற்றால் கூலியும் தேறாது என்னும் நிலையில் நிலக்காரருக்கு இதுவே கைகொடுக்கும். ஒரு கிலோ வெங்காயத்தையும் நூறு கிராம் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, ஊறவைத்த உளுந்து நூறு கிராம், கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றைக் கலந்து ஓரிரவு மூடிவைக்க வேண்டும். மறுநாள் உருண்டைகளாக்கிச் சித்திரை வெயிலில் உலர்த்தி, மாலைதோறும் உடைத்துப் பிசைந்து மீண்டும் உருட்டவேண்டும். சில நாட்கள் கழித்து ஆமணக்கெண்ணெய் தடவி, உள்ளும் கல்போல் காய்ந்தபின் ஜாடியில் சேமித்தால் ஓராண்டு வரை கெடாது. ஈரம் சிறிது நின்றாலும் பூஞ்சணம் பிடிக்கும். சில வீடுகளில் சோம்பையும் இதிற் சேர்ப்பர். சேர்க்காத வடகமாயின், குழம்பின் தொடக்கத்தில் சோம்பைத் தாளித்து, இறக்குங்கால் வடகத்தைப் பொரித்துக் கொட்டுக. வெந்தயத்தின் கசப்பும் கடுகின் நெடியும் சோம்பின் இனிமையால் தணியும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கண்ணைப் பறிக்கும் பச்சை நிறத்தைக் கண்டு மயங்கற்க. சாயமேற்றிய சரக்கும், எண்ணெய் வடித்தெடுத்தபின் மிஞ்சிய சக்கையும் கலப்படமாக வருவதுண்டு. சிறிது சோம்பை ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்க. பச்சை ஒட்டினால் தள்ளுக. நான்கு விதைகளை மென்று பார்க்க. இனிப்பும் மணமும் உடனே தோன்றாவிடில் அது பயனற்றது. நல்ல சரக்கை வெயில் படாத இடத்தில், இறுக மூடிய கலத்தில் வைத்தல் வேண்டும்.

பாகூர், வில்லியனூர் முதலிய பகுதிகளின் கிராம அதிகாரிகள், வெங்காய அறுவடை சமயத்தில் வடகம் இடுவதில் கைதேர்ந்த மாதரைக் கொண்டு செய்து காட்டச் செய்வாராயின், பல குடும்பங்கள் பயனடையும். நிலத்தில் விளைவிப்பதோடு உழவரின் கடமை தீர்ந்துவிடுவதில்லை. விளைந்தது வீணாகாமற் காத்து, வீட்டாருக்கு நல்லுணவாகச் செய்தலும் விவசாயத்தின் ஒரு பகுதியே.