மிளகாய்ச் செடி: ஒரு காய்ப்போடு முடிவதன்று

மிளகாயை வயலில் ஒரு பருவப் பயிராகவே காண்கிறோம். அதனால் வீட்டுத் தொட்டியிலும் முதல் காய்ப்பு ஓய்ந்தவுடன் செடியைப் பிடுங்கிவிடுகிறோம். உண்மையில் அது பல்லாண்டுத் தாவரம். முறையாகப் பேணினால் இரண்டு, மூன்று ஆண்டுகள் காய்க்கும்.

எது பகை?

குளிர்நாடுகளில் உறைபனிக்கு அஞ்சிச் செடியை வீட்டினுள் வைத்துக் காப்பர். கல்யாணில் டிசம்பர், ஜனவரிக் குளிர் மிதமானது. மிளகாய் நன்கு காய்க்கும் காலமும் அதுவே. இங்குப் பகை, ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை. தொட்டியில் நீர் தேங்கினால் வேர் மூச்சின்றி அழுகும். இலைகள் வாடித் தொங்கும். தண்ணீர் போதவில்லை என்றெண்ணி மேலும் ஊற்றி, ஒரு ஜூலையில் நாமும் ஒரு நல்ல செடியை இழந்தோம். ஈர மண்ணில் செடி வாடினால் நீரை நிறுத்துவதே மருந்து.

மழைக்காலக் காப்பு

பத்து அங்குல ஆழமும் அடியில் துளைகளும் கொண்ட தொட்டி வேண்டும். மண், மட்கிய எரு, தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலக்கலாம். மே இறுதியில் தொட்டியைச் சாரல் படாத, ஆனால் வெளிச்சம் விழும் இடத்திற்கு மாற்றுக. விரலால் தொட்டு, மேல்மண் உலர்ந்திருந்தால் மட்டும் நீர் விடுக. இக்காலத்தில் உரம் வேண்டா.

கவாத்து

மழை ஓய்ந்ததும், தண்டை நகத்தால் சற்றே கீறிப் பார்க்கவும். உள்ளே பச்சையாக இருந்தால் உயிருண்டு. முதன்மைக் கிளைகளில் இரண்டு, மூன்று கணுக்களை மட்டும் விட்டு, மற்றதைக் கூரிய கத்தரியால் வெட்டுக. மேல்மண்ணை இரண்டு அங்குலம் அகற்றிப் புதிய எரு இடுக. துளிர்த்தபின் ஆறு மணி நேரமேனும் வெயில் படட்டும்.

இலை சுருண்டால்

இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன் எனப் பொதுவாகக் கொள்ளலாம். ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கவும்.

வெட்ட மனமின்றிச் செடியையே இழப்போர் பலர். கிளைகள் போனாலும் வேர் நிலைத்தால், புதுக்காய் விரைவில் வரும். முதலைக் காத்தவர்க்கே வட்டி என்பது தொட்டிக்கும் பொருந்தும்.