மண் பரிசோதனையும் கைப்பயிற்சியும்

கரியமாணிக்கத்தில் நெல்லும் கரும்பும் பயிரிடும் அங்கத்தினர்கள், உரமிடுமுன் மண்ணைப் பரிசோதித்தல் நன்றென்பதை அறிவர். அப்பரிசோதனையின் நம்பகம் அதனைச் செய்வோரின் கைத்திறத்தைப் பொறுத்தது.

மண்ணின் கரிமச் சத்தை அளக்க, வாக்லி, பிளாக் என்னும் இருவர் 1934-இல் வெளியிட்ட முறை இன்றும் வழக்கிலுள்ளது. மண்ணுடன் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலும் அடர் கந்தக அமிலமும் சேர்த்து 30 நிமிடம் வைத்தல் வேண்டும். பின்னர் நீர் ஊற்றி, பெரஸ் அம்மோனியம் சல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் பச்சையாக மாறியவுடன் நிறுத்துதல் வேண்டும். நேரம் குறைந்தாலும் சொட்டுகள் மிகுந்தாலும் கரிமம் குறைவாகவே காட்டும்.

0.5 சதவீதத்திற்குக் கீழ்ப்பட்டது ‘குறைவு’, 0.75 வரை ‘நடுத்தரம்’. உண்மையில் 0.52 உள்ள நிலம் 0.48 எனக் கணிக்கப்படின், உழவர் வேண்டாத தழைச்சத்து உரத்திற்குப் பணம் செலவிடுவார்.

இதற்குப் பரிகாரம் பயிற்சியே. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2017-இல் உலக மண் ஆய்வுக்கூடங்களை ஒன்றிணைத்தது. ஒரே மண்ணைப் பல கூடங்களில் சோதித்து முடிவுகளை ஒப்பிடுவதும், செய்முறையை ஒருமைப்படுத்திப் பயிற்றுவிப்பதும் அவ்வமைப்பின் பணிகளாகும். ஒவ்வொரு தொகுதியுடனும் அளவு தெரிந்த மண் ஒன்றையும், மண் சேராத கரைசல் ஒன்றையும் சோதித்துப் பழகியவர், தம் பிழையை அன்றே காண்பார்.

அங்கத்தினர்களுக்கும் பயிற்சி தேவை. வரப்போரம், எருக்குவியல், மரநிழல் ஆகியவற்றைத் தவிர்க்கவும். வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண்ணெடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அனுப்பவும். மண் தவறாக எடுக்கப்படின், தேர்ந்த கையாலும் சரியான விடை கூற இயலாது.