கையும் கைப்பேசியும்

பகாங் மாநிலத்தின் மேற்கு எல்லையில் கேமரன் மலை அமைந்துள்ளது. 1885ஆம் ஆண்டில் இம்மலைப்பகுதியை ஆராய்ந்த வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளரின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. 1929ஆம் ஆண்டில் ஜே.ஏ.ரசல் என்பவர் இங்குப் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933ஆம் ஆண்டில் பாரத் தேயிலைத் தோட்டம் உருவானது. செங்குத்தான சரிவுகளில் காட்டை அழித்துக் கன்று நட்டவர்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள் பலர். இன்று அவர்களின் வழித்தோன்றல்களோடு வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களும் இத்தோட்டங்களில் உழைக்கின்றனர்.

தோட்டத் தொழிலாளர்களுக்குப் புதிய கருவிகள் அந்நியமானவை அல்ல. தொடக்கத்தில் அவர்கள் முதுகில் கூடையைச் சுமந்து, விரல்களால் கொழுந்து கிள்ளினார்கள். பின்னர் பை பொருத்திய பெரிய கத்தரிக்கோல் வந்தது. அதன் பிறகு இருவர் இருபுறமும் பிடித்துக்கொண்டு நடக்கும் இயந்திரம் வந்தது. ஒவ்வொரு மாற்றத்தையும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஆயினும், சட்டைப் பையில் அடங்கும் ஒரு சிறு திறன்பேசி அவர்களுள் பலரைத் திணற வைக்கிறது. அதற்குக் காரணம் என்ன? முதுமையா, அறியாமையா, அல்லது வேறு ஏதேனுமா?

மலை மறைக்கும் அலை

கைப்பேசி பேசுவதற்கும் இணையத்தை அடைவதற்கும் வானொலி அலைகள் தேவை. தொலைத்தொடர்புக் கோபுரத்திலிருந்து புறப்படும் இவ்வலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்கின்றன. சமவெளியில் ஒரு கோபுரம் பல கிலோமீட்டர் தூரத்திற்குப் பயன் தரும். மலைநாட்டில் நிலைமை வேறு. கோபுரத்திற்கும் வீட்டிற்கும் இடையே ஒரு குன்று நின்றால், அக்குன்றின் மறுபுறம் நிழல் விழுவதைப் போல அலையற்ற பகுதி உருவாகிறது. எனவேதான் சாலையோர வளைவில் நான்கு கோடுகள் காட்டும் கைப்பேசி, பள்ளத்தில் உள்ள லயத்து வீட்டில் ஒரு கோடு கூடக் காட்டுவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கோபுரத்தின் திறனை அதனைச் சுற்றியுள்ள அனைவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் தானா ராத்தா, பிரிஞ்சாங் சாலைகளில் சுற்றுப்பயணிகளின் வாகனங்கள் நிறைந்திருப்பதை நாம் அறிவோம். சாலையில் நெரிசல் ஏற்படுவதைப் போலவே அலைவரிசையிலும் நெரிசல் ஏற்படும். கோடுகள் முழுமையாக இருந்தும் படம் சுழன்றுகொண்டே இருப்பது இதனால்தான்.

இது வெறும் எரிச்சலோடு முடியும் செய்தி அன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது பள்ளிகள் மூடப்பட்டன. இல்லத்தில் கற்றல் கற்பித்தல் தொடங்கியது. இணையம் எட்டாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பறையே எட்டாமல் போனது. அவ்வாண்டு ஜூன் மாதம் சபா மாநிலத்தின் பித்தாஸ் வட்டாரத்தைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர், தேர்வு எழுத அலைவரிசை தேடி மரத்தின்மீது ஏறித் தங்கினார். அவர் வெளியிட்ட காணொளியை நாடே பார்த்தது. அதற்கடுத்த ஆகஸ்டு மாதத்தில் ஜென்டேலா என்னும் தேசிய இலக்கவியல் இணைப்புத் திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது. மக்கள் வாழும் பகுதிகளில் 91.8 விழுக்காடாக இருந்த நான்காம் தலைமுறை இணைப்பை, 2022ஆம் ஆண்டு இறுதிக்குள் 96.9 விழுக்காடாக உயர்த்துவது அதன் இலக்குகளுள் ஒன்று.

இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால், விழுக்காட்டைப் படிக்கும்போது எஞ்சிய பகுதியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கோபுரம் அமைக்கக் கடினமான மலையும் பள்ளத்தாக்கும் காடுமே பெரும்பாலும் அந்தச் சிறு எஞ்சிய பகுதியில் அடங்குகின்றன. அங்கு வாழும் குடும்பத்திற்கு 96.9 விழுக்காடு என்பது ஒரு செய்தி மட்டுமே.

இதே திட்டத்தின்கீழ் 2021ஆம் ஆண்டு இறுதியில் 3ஜி சேவை நாடெங்கும் நிறுத்தப்பட்டது. 4ஜி சேவையை விரிவாக்க இது தேவைப்பட்டது. எனினும், 3ஜி வரை மட்டுமே இயங்கும் பழைய கைப்பேசியை வைத்திருந்தவர்கள் அதன்பின் பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம்; முன்பிருந்த வேகத்தில் இணையத்தைப் பயன்படுத்த இயலாது. கைப்பேசி பழுதாகவில்லை. அதைச் சுற்றியிருந்த உலகம் நகர்ந்துவிட்டது.

தேய்ந்த ரேகை

திறன்பேசியின் தொடுதிரை, விரலின் மெல்லிய மின்தன்மையை உணர்ந்து செயல்படுகிறது. ஈரமான விரலையும் திரைமீது விழும் நீர்த்துளியையும் அதனால் சரியாகப் பிரித்தறிய முடிவதில்லை. பனியும் தூறலும் நிறைந்த மலையில் இது அன்றாடச் சிக்கல். காய்த்துப்போன வறண்ட தோலும் இத்திரைக்கு ஏற்றதன்று. ஒருமுறை தொட்டால் திறக்க வேண்டிய செயலி மூன்று முறை தொட்டும் திறக்காது. நான்காம் முறை, வேண்டாத ஒன்று திறந்துகொள்ளும்.

விரல்ரேகைக் கருவியின் நிலையும் இதுவே. 2001ஆம் ஆண்டு அறிமுகமான மைகாட் அடையாள அட்டையின் சில்லில் உரிமையாளரின் பெருவிரல் ரேகை பதிவாகியுள்ளது. வங்கியிலும் சில அலுவலகங்களிலும் அந்த ரேகையைக் கொண்டு ஆளை உறுதிப்படுத்துகிறார்கள். பல்லாண்டுகள் கொழுந்து கிள்ளியும் கத்தரி பிடித்தும் உழைத்த கையில் ரேகைகள் தேய்ந்திருக்கும். கருவி சிவப்பு விளக்கைக் காட்டும். உழைப்பால் தேய்ந்த கையே, "நீ நீதான் என்பதற்குச் சான்று இல்லை" என்னும் நிலைக்கு அவரைத் தள்ளிவிடுகிறது.

இச்சிக்கல் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் பல மாநிலங்களில் நியாய விலைக் கடைகளில் ஆதார் விரல்ரேகை முறை வந்தபோது, முதியோர், உடலுழைப்புத் தொழிலாளர் பலரின் ரேகைகளைக் கருவிகள் ஏற்கவில்லை. பின்னர் தமிழ்நாட்டில் கருவிழியைக் கொண்டு உறுதிப்படுத்தும் முறையும் கொண்டுவரப்பட்டது. குறை கையில் இல்லை. ஒரே ஒரு வழியை மட்டும் வைத்த ஏற்பாட்டில்தான் இருந்தது என்பதை இம்மாற்றம் காட்டுகிறது.

பூட்டும் சாவியும்

முற்காலத்தில் தொழிலாளர்கள் சம்பள நாளன்று தோட்ட அலுவலகத்தின் முன் வரிசையில் நின்று, பணத்தை எண்ணி வாங்கினர். இன்று சம்பளம் வங்கிக் கணக்கில் சேர்கிறது. கொள்ளை பயமில்லை, கணக்கில் குழப்பமில்லை. சொந்த நாட்டிலுள்ள குடும்பத்திற்குப் பணம் அனுப்பப் பட்டணத்திற்குப் போகவும் தேவையில்லை. இவை உண்மையான நன்மைகள்.

ஆனால், அந்தப் பணத்தை இணையவழி அடைவதற்குப் பயனர் பெயர், கடவுச்சொல், செயலியின் ஒப்புதல் எனப் பல பூட்டுகளைத் திறக்க வேண்டியுள்ளது. கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் இருக்க வேண்டும். திரையில் தோன்றும் விளக்கமோ பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். சில நொடிகள் தாமதித்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்பூட்டுகளை யாரும் வேண்டுமென்றே தொல்லை கொடுக்கப் போடவில்லை. மோசடிகள் பெருகியதால் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பேங்க் நெகாரா சில பாதுகாப்பு நடவடிக்கைகளை அறிவித்தது. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லுக்குப் பதிலாக மேலும் பாதுகாப்பான முறைக்கு வங்கிகள் மாற வேண்டும்; ஒப்புதல் அளிக்க ஒரு பயனருக்கு ஒரு கைப்பேசி மட்டுமே இருக்க வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். திருடனைத் தடுக்க இவை உதவுகின்றன. அதே வேளையில், ஒரு கைப்பேசியை மூவர் பகிரும் குடும்பத்தையும், கைப்பேசி பழுதாகிப் புதியது வாங்க இயலாதவரையும் இவை வாசலிலேயே நிறுத்திவிடக்கூடும். பாதுகாப்பும் எளிமையும் தராசின் இரு தட்டுகளைப் போன்றவை. ஒன்றைக் கூட்டும்போது மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்.

கிராணியிடமிருந்து பேரனிடம்

தோட்ட வாழ்வின் தொடக்கக் காலத்தில் தொழிலாளர் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊரிலிருந்து கடிதம் வந்தால் கிராணியிடமோ ஆசிரியரிடமோ கொண்டுபோய்ப் படிக்கச் சொல்வார்கள். வீட்டுச் சண்டை, கடன், நோய், திருமணம் என எல்லாவற்றையும் இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் குறைந்தது பத்துப் பேர் இருந்த தோட்டங்களில் பள்ளி அமைப்பதைக் கட்டாயமாக்கியது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகின. தன் கடிதத்தைத் தானே படிக்கும் தலைமுறை உருவானது. அது எழுத்தறிவு மட்டுமன்று, தன்மானமும் ஆகும்.

இன்று திறன்பேசியின் முன் அந்தப் பழைய நிலை மீண்டும் தோன்றியுள்ளது. கிராணியின் இடத்தில் இப்போது பேரன் இருக்கிறான். ஒரு வீட்டில் நடக்கக்கூடிய உரையாடலைக் கற்பனை செய்வோம்.

"தம்பி, இந்த மாசம் காசு வந்துருச்சான்னு பாரேன்."

"குடுங்க பாட்டி. நம்பர் என்ன?"

"அதான் உனக்குத் தெரியுமே."

அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. பேரன் நல்லவன், பாட்டியும் மகிழ்கிறார். ஆனால், பாட்டியின் இரகசிய எண் இப்போது அவருக்கு மட்டும் உரியதன்று. பேரன் வெளியூருக்குப் படிக்கச் சென்றுவிட்டால் அவர் யாரிடம் கேட்பார்? அண்டை வீட்டாரிடமா, கடைக்காரரிடமா? எண்ணைச் சொல்லிப் பழகிய ஒருவருக்கு, வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறும் முகமறியாத குரலிடமும் அதைச் சொல்லக்கூடாது என்று தோன்றாமல் போகலாம். மோசடிக்காரன் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான். அவ்வாறு ஏமாந்தவர் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 997 என்னும் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவாக அழைக்கிறாரோ அவ்வளவுக்குப் பணம் மீளும் வாய்ப்பு கூடும்.

நாம் என்ன செய்யலாம்?

செய்து கொடுப்பது எளிது, கற்றுக்கொடுப்பது கடினம். ஆயினும், கற்றுக்கொடுப்பதே நிலைத்து நிற்கும். கொழுந்து வெட்டும் இயந்திரத்தைத் தொழிலாளர்கள் புத்தகத்தைப் படித்துக் கற்கவில்லை. தெரிந்த ஒருவர் ஒருபுறம் பிடிக்க, தெரியாதவர் மறுபுறம் பிடித்து, சரிவில் நடந்தே கற்றார்கள். திறன்பேசிக்கும் அதே வழி பொருந்தும்.

கைப்பேசியை வாங்கி நாமே அழுத்தாமல், பெரியவர் கையிலேயே விட்டுவிட வேண்டும். ஒரு நாளில் ஒரு செயலை மட்டும் காட்ட வேண்டும். எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, வாய்ப்பிருந்தால் கைப்பேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றித் தரலாம். படிகளை ஒரு தாளில் தமிழில் எழுதித் தரலாம். இரகசிய எண்ணை மட்டும் அதில் எழுதக்கூடாது. அவர் எண்ணை அழுத்தும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அச்சிறு செயல், "இது உங்கள் பணம்" என்று சொல்லாமல் சொல்லும்.

பொறுப்பு மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. சேவையை வடிவமைப்பவர்களுக்கும் அலுவலகங்களுக்கும் பங்குண்டு. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் தொடங்கி, 18 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கு வழங்கப்பட்ட 100 ரிங்கிட் சாரா உதவியை எடுத்துக்கொள்வோம். அதைப் பயன்படுத்தத் திறன்பேசியோ செயலியோ தேவைப்படவில்லை. பங்கேற்ற கடையில் மைகாட்டைக் கொண்டு பொருள் வாங்க முடிந்தது. கடைக்குப் பின்னால் இயங்கியது தொழில்நுட்பமே. வாங்குபவர் கையில் இருந்ததோ பழகிய அட்டை. ஒரு வசதியை எல்லாருக்கும் உரியதாக்கும் வழிகளுள் இதுவும் ஒன்று.

திறன்பேசி முன் திணறும் முதியவரைப் பார்த்து, "இதுகூடத் தெரியவில்லையா?" என்று கேட்பது எளிது. மலை மறைத்த அலையும், உழைப்பால் தேய்ந்த ரேகையும், புரியாத மொழியில் வந்த விளக்கமும் அவருடைய குற்றங்கள் அல்ல. ஒரு கருவி வசதியானதா என்பதை அதை விரைவாகப் பயன்படுத்துபவரைக் கொண்டு அளக்கக்கூடாது. பிறர் துணையின்றி அதைப் பயன்படுத்த எத்தனை பேரால் முடிகிறது என்பதே சரியான அளவுகோல்.

அருஞ்சொற்பொருள்

கிராணி – தோட்ட அலுவலக எழுத்தர்
லயம் – தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடு
வழித்தோன்றல் – பின்வந்த தலைமுறையினர்
சில்லு – தகவலைப் பதிந்து வைக்கும் சிறு மின்னணுப் பாகம்

கருத்துணர் வினாக்கள்

1. மலைப்பகுதியில் கைப்பேசியின் அலைவரிசை தடைபடுவதற்கான இரண்டு காரணங்களைக் கூறுக.
2. "கைப்பேசி பழுதாகவில்லை. அதைச் சுற்றியிருந்த உலகம் நகர்ந்துவிட்டது." இக்கூற்றை விளக்குக.
3. முற்காலக் கிராணியையும் இக்காலப் பேரனையும் கட்டுரை எவ்வகையில் ஒப்பிடுகிறது?
4. பாதுகாப்பு, எளிமை ஆகிய இரண்டில் வங்கிகள் எதற்கு முதன்மை அளிக்க வேண்டும்? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
5. உம் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்குத் திறன்பேசியில் ஒரு செயலைக் கற்றுக்கொடுத்து, அவர் எந்தப் படியில் தடுமாறினார் என்பதையும் அதற்கான காரணத்தையும் ஒரு பத்தியில் எழுதுக.