உஷ்ணப் படத்தில் தோன்றும் பொய்க் கோடுகளும் திருத்தும் முறையும்

திருவாலங்காட்டுச் சுற்றுப்புறத்தில் கரும்பு பயிரிடும் குடியானவர்கள் எடைமேடையை நன்கு அறிவர். வெறும் மேடை பூஜ்யம் காட்ட வேண்டும். தெரிந்த எடைக்கல்லை வைத்தால் அவ்வெடையையே காட்ட வேண்டும். டிரோன் விமானத்தில் பொருத்தி வயலைப் படம் பிடிக்கும் உஷ்ணக் காமிராவுக்கும் இவ்விரு பரீட்சைகளும் அவசியமாம்.

நீர் போதிய பயிர் இலைவழியே நீராவியை வெளிவிட்டுக் குளிர்ந்திருக்கும். வாடும் பயிர் இலைத் துவாரங்களை மூடிக்கொள்வதால் சற்றுச் சூடேறும். இவ்வேற்றுமையைக் காமிரா அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு காட்டுகிறது. ஆயின், 640 பத்தியும் 512 வரிசையும் கொண்ட காமிராவில் 3,27,680 நுண்ணிய உணர்விகள் உள. அவை ஒரே சூட்டை ஒன்றுபோல் அளப்பதில்லை. ஆதலின் படத்தில் கோடுகளும் திட்டுக்களும் தோன்றும். அவற்றை வறட்சியென எண்ணி நீர் பாய்ச்சினால் நீர் வீணாகும். பயிர்ச்சேத மதிப்பீட்டில் சேர்த்தாலோ கணக்கே பிழைபடும்.

திருத்தும் வகையை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். 20 டிகிரியும் 40 டிகிரியும் சூடுள்ள இரு கரிய தகடுகளைக் காமிராவுக்குக் காட்டுகிறோம். முதல் உணர்வி 100, 200 என்றும், இரண்டாவது 110, 230 என்றும் குறிக்கின்றன. அதாவது டிகிரிக்கு முதலாவது 5 அலகும் இரண்டாவது 6 அலகும் ஏறுகின்றன. பின்பு வயலில் அவை 150, 170 என்று காட்டினால், இரண்டுக்கும் உண்மைச் சூடு 30 டிகிரியே. இவ்வாறு ஒவ்வோர் உணர்விக்கும் தனிக் கணக்கு வகுக்கப்படும். 2013-ஆம் ஆண்டு ஏவப்பட்ட லேண்ட்சாட் 8 செயற்கைக்கோளின் உஷ்ணக் கருவியும், குளிர்ந்த ஆகாய வெளியையும் சூடு தெரிந்த கரிய தகட்டையும் பார்த்தே தன்னைச் சரிபார்த்துக்கொள்கிறது.

காமிரா சூடேறுந்தோறும் பூஜ்யம் நகரும். அதனாலேயே அதனுள்ளிருக்கும் மூடி அவ்வப்போது 'டிக்' என மூடித் திறந்து பூஜ்யத்தைத் திருத்துகிறது.

படம் பிடிப்போர் கவனிக்க வேண்டியவை:

1. காமிராவை இயக்கிச் சுமார் கால்மணி நேரம் கழித்தே பறக்க விடுக.

2. பறக்குமுன் மூடித் திருத்தத்தை ஒருமுறை செய்க.

3. ஒரே வயலை வடக்கு நோக்கியும் கிழக்கு நோக்கியும் படம் பிடிக்க. காமிராவுடன் திரும்பும் கோடு கருவியின் குற்றம்; நிலத்தோடு நிற்பதே பயிரின் குறை.

4. சந்தேகமுள்ள இடத்தில் இறங்கி, வேர்மண்ணைக் கையிலெடுத்துப் பார்க்க.

இந்நான்கும் செய்யாது எடுத்த படத்தைக் கொண்டு மடை திறத்தலும், சேதக் கணக்கில் ஒப்பமிடுதலும் தகா.