ஜாவாவில் பொருளின் பிறப்பும் இறப்பும்



கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரில் பொருள்களைப் படைப்பதில் வல்லவர் பலர். படைத்தவற்றை முறையாக வழியனுப்புவதில் வல்லவர் சிலரே. அச்சிலருள் எனக்கும் இடமுண்டு என்று எண்ணியிருந்தேன். சென்ற சனவரித் திங்களில் ஓர் இரவு அவ்வெண்ணத்தைக் கலைத்துவிட்டது. அந்நிகழ்ச்சியையும் அதனால் பெற்ற பாடத்தையும் உங்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் ஊர் சூரியநெல்லி. இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் ஊராட்சியில், கொழுக்குமலைக்கு ஜீப் ஏறுகின்ற ஊர். கொழுந்து பறிக்கத் தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து மலையேறி வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மார்கழி, தை மாதங்களில் அப்பகுதிப் பள்ளங்களில் உறைபனி விழும் இரவுகள் உண்டு. பனி பட்ட தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். எந்த நேரத்தில் குளிர் எவ்வளவு இறங்குகிறது என்றறிய, முதுகலை ஆய்வின் ஒரு பகுதியாக, எங்கள் லயத்திற்குப் பின்னால் ஒரு மின்வெப்பமானியை நிறுத்திக் கணிப்பொறியோடு இணைத்தேன். நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பநிலையைப் படித்துக் குறித்துவைக்கும் நிரலை ஜாவா மொழியில் எழுதினேன்.

நண்பகல் 12 மணிக்கு ஓடத் தொடங்கிய நிரல், மறுநாள் விடியற்காலை 5 மணிக்குச் சற்று முன்னர் நின்றுபோயிற்று. குளிர் மிகக் கடுமையாக இறங்கும் வேளையன்றோ அது! எந்த வேளைக்காக இவ்வளவும் செய்தேனோ, அந்த வேளையின் கணக்கு மட்டும் கிட்டவில்லை. "ராத்திரி பூரா முழிச்சிருந்த மிஷினு விடியிற நேரத்துல தூங்கிருச்சாக்கும்?" என்று பாட்டி கேட்டார். விடை சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அவ்விடையைத்தான் இங்கே முறையாகக் காண்போம்.

பிறப்பு

ஜாவா, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங்கும் அவர் குழுவினரும் உருவாக்கி 1995இல் அறிமுகப்படுத்திய மொழி. முதலில் 'ஓக்' என்று மரத்தின் பெயர் பெற்றிருந்து, பின்னர் காப்பியின் பெயர் பெற்றது. தேயிலை மலையில் பிறந்த நான் காப்பியின் பெயர் தாங்கிய மொழியைப் பயில நேர்ந்தது ஒரு வேடிக்கை!

ஜாவாவில் இனக்குழு என்பது வரைபடம். பொருள் என்பது அவ்வரைபடத்தின்படி கட்டிய வீடு. வரைபடம் ஒன்றாயினும் வீடுகள் பல இருக்கலாம். 'நியூ' என்னும் சொல்லே பொருளைப் பிறப்பிக்கிறது. அச்சொல் ஒன்றாயினும் அதன்பின் நிகழ்வன பல. இனக்குழு முதன்முறையாகப் பயன்படும்போது அதன் பொதுமாறிகள் ஒரே ஒருமுறை தொடக்க மதிப்புப் பெறும். பின்னர் ஒவ்வொரு பொருளுக்கும் நினைவகத்தில் இடம் ஒதுக்கப்பட்டு, அவ்விடம் சுழியாக்கப்படும். அடுத்து, தாய் இனக்குழுவின் ஆக்கி இயங்கும். அதன்பின்னரே பொருளின் சொந்த மாறிகள் தமக்குரிய மதிப்புகளைப் பெறும். இறுதியாக அதன் சொந்த ஆக்கியின் வரிகள் இயங்கும்.

இவ்வரிசையை மனத்தில் இருத்துக. ஆக்கி முடியுமுன் ஒரு பொருள் தன்னைப் பிறரிடம் ஒப்படைத்தால், அவர்கள் அரைகுறையாகப் பிறந்த ஒன்றையே கையாள நேரும். பிறப்பைப் பற்றிய செய்தி இவ்வளவே. அதன் நேரம் நம் கையில் இருக்கிறது. அதன் ஒழுங்கும் நமக்குத் தெரிகிறது. எத்தனை பிறந்தன என்று அறிய வேண்டுமாயின், ஆக்கிக்குள் ஒரு பொதுமாறியை ஒவ்வொன்றாகக் கூட்டிவந்தால் போதும்.

வாழ்வு

பிறந்த பொருள் எதுவரை வாழும்? தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இது எளிதில் விளங்கிற்று. லயத்து வீடு எங்களுக்குச் சொந்தமன்று. செக்ரோலில் வீட்டில் ஒருவர் பெயரேனும் இருக்கும்வரைதான் வீடு. பாட்டி வேலையிலிருந்து நின்றபோது அம்மாவின் பெயர் செக்ரோலில் இருந்தது; ஆதலின் வீடு நின்றது.

ஜாவாவிலும் அவ்வாறே. இயங்கிக்கொண்டிருக்கும் செயற்கூறுகளின் உள்மாறிகளும், இனக்குழுக்களின் பொதுமாறிகளும் செக்ரோல் போன்றவை. அவற்றிலிருந்து தொடங்கிச் சுட்டுகளின் வழியே சென்று எட்டக்கூடிய பொருளெல்லாம் உயிருள்ளவை. எட்ட முடியாதவை குப்பை. பக்கத்து வீட்டார் இருவர் ஒருவரையொருவர் எவ்வளவு சிபாரிசு செய்துகொண்டாலும், இருவர் பெயரும் செக்ரோலில் இல்லையெனில் பயன் என்ன? அதுபோல, இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருந்தாலும், வேரிலிருந்து அவற்றை எட்ட வழியில்லையெனில் இரண்டுமே குப்பைதான்.

இறப்பு

அக்குப்பையை அகற்றும் வேலைக்காரரே குப்பை திரட்டி. இக்கருத்து ஜாவாவில் பிறந்ததன்று. லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி வகுத்து, 1960இல் வெளியான கட்டுரையில் விளக்கியது. பெரும்பாலான பொருள்கள் பிறந்த சிறிது நேரத்திலேயே பயனற்றுப் போகின்றன என்று கண்டனர். ஆகவே, புதுப் பொருள்களை 'ஈடன்' என்னும் தனிப்பகுதியில் வைத்து, அதை அடிக்கடி துப்புரவு செய்வதும், நெடுநாள் வாழ்பவற்றை வேறு பகுதிக்கு மாற்றுவதும் ஜாவாவில் வழக்கமாயிற்று.

ஆனால், இத்திரட்டி எப்போது வரும்? இங்கேதான் நான் சறுக்கினேன். நினைவகத்தில் இடம் தட்டுப்படும்போதே அது பெரும்பாலும் வேலையைத் தொடங்கும். இடம் தாராளமாக இருந்தால் அது வரவேண்டிய கட்டாயம் இல்லை. சி++ மொழியில் உள்மாறியாக அமைந்த பொருள் தன் எல்லை முடிந்தவுடன் அழிப்பியை இயக்கிவிட்டு மறையும். அதன் இறப்புக்கு நேரம் உண்டு. ஜாவாவில் அத்தகைய அழிப்பி இல்லை.

இக்குறையை நிரப்பவே 'ஃபைனலைஸ்' என்னும் செயற்கூறு தொடக்கத்திலிருந்தே வைக்கப்பட்டிருந்தது. பொருள் இறக்குமுன் அதை அழைப்போம் என்பது ஏற்பாடு. எப்போது அழைக்கப்படும் என்பதற்கு உறுதி இல்லை. அழைக்கப்படாமலே நிரல் முடிவதும் உண்டு. அதற்குள் ஒரு பொருள் மீண்டும் தன்னை எங்கேனும் சுட்டச் செய்து உயிர்த்தெழவும் முடியும்! இத்தகைய தொல்லைகளால் 2017இல் வந்த ஜாவா 9 அதைக் கைவிடத்தக்கது என்று அறிவித்தது. 2022இல் வந்த ஜாவா 18, இறுதியாக்கம் என்னும் அவ்வேற்பாட்டையே வருங்காலத்தில் நீக்கக் குறித்து வைத்தது.

நடந்தது என்ன?

என் கணிப்பொறியில் வெப்பமானி ஒரு கோப்பைப் போலவே தோன்றும். அதைத் திறந்து படித்தால் வெப்பநிலை கிடைக்கும். என் நிரல் நிமிடத்திற்கு ஒருமுறை கோப்பைத் திறந்தது; படித்தது; மூடவில்லை. 'படித்து முடித்ததும் அப்பொருள் குப்பைதானே. திரட்டி வந்து பார்த்துக்கொள்ளும்' என்பது என் நினைப்பு. திரட்டி வந்திருந்தால் கோப்புகளும் மூடப்பட்டிருக்கும். ஆனால் அப்பொருள்கள் மிகச் சிறியவை; நினைவகமோ தாராளம். திரட்டிக்கு அழைப்பே போகவில்லை.

நினைவகம் தாராளம், ஆனால் கோப்புகளுக்கு வரம்பு உண்டு. அக்கணிப்பொறியில் ஒரு நிரல் ஒரே நேரத்தில் 1,024 கோப்புகளுக்குமேல் திறந்து வைக்க இயலாதவாறு வரம்பிடப்பட்டிருந்தது. 1,024 நிமிடம் என்பது 17 மணி 4 நிமிடம். ஜாவா தன் தேவைக்குத் திறந்துவைத்தவற்றைக் கழித்துப் பாருங்கள். நண்பகலில் தொடங்கியது 5 மணிக்குச் சற்று முன் நின்றதன் மருமம் விளங்கும். ஒரு மணி நேரமே ஓட்டிச் சோதித்தபோது இக்குறை வெளிப்படாததில் வியப்பில்லை.

செய்யத்தக்கவை

முதலாவது: நினைவகத்தைத் திரட்டியிடம் விடுக; கோப்பு, தரவுத்தள இணைப்பு, வலையிணைப்பு ஆகியவற்றை விடாதீர். 2011இல் வந்த ஜாவா 7 இதற்கு நல்வழி காட்டியது. 'டிரை' என்னும் சொல்லையடுத்த பிறைக்குறிக்குள் கோப்பைத் திறந்தால், அத்தொகுதி முடிந்தவுடன் 'குளோஸ்' தானே அழைக்கப்படும். இடையில் பிழை நேர்ந்தாலும் அழைக்கப்படும். பல கோப்புகளைத் திறந்திருந்தால், கடைசியில் திறந்தது முதலில் மூடப்படும். நாமே எழுதும் இனக்குழுவும் 'ஆட்டோகுளோசபிள்' என்னும் இடைமுகத்தை ஏற்று, 'குளோஸ்' எழுதிவிட்டால் இவ்வசதியைப் பெறும்.

இரண்டாவது: பதிந்த பெயரை நீக்குக. ஒரு நிகழ்வு நேரும்போது எனக்குச் சொல் என்று ஒரு சாளரம் தன்னை இன்னொரு பொருளிடம் பதிவு செய்துகொள்கிறது. இத்தகையதை 'லிஸனர்' என்பர். திரையில் சாளரத்தை மூடினாலும் அப்பதிவு நீங்கவில்லை எனில், சாளரப் பொருள் என்றும் இறவாது. ஊரை விட்டுப் போனவர் பெயர் செக்ரோலில் தங்கிவிட்டது போன்ற நிலை இது. இவ்வாறு சேர்ந்து சேர்ந்தே நினைவகம் நிரம்பும். பதிவு செய்யும் வரியை எழுதும்போதே நீக்கும் வரியையும் எழுதிவிடுக.

மூன்றாவது: மறதிக்கு ஒரு காவலாக ஜாவா 9இல் 'கிளீனர்' என்னும் கருவி வந்தது. அதுவும் திரட்டியை நம்பியதே. காவலாகக் கொள்க, வழியாகக் கொள்ளற்க.

இவற்றைப் பின்பற்றி நிரலைத் திருத்தினேன். அது மறுவாரம் முழுவதும் நிற்காமல் ஓடி, விடியற்காலைக் கணக்கையும் தந்தது. ஆயினும் தவறிய அவ்விரவு தவறியதுதான்.

ஒன்று சொல்லி முடிப்பேன். பெயர் நீங்கியவுடன் இடத்தையும் பறித்துக்கொள்ளும் விதி, நினைவகத்துப் பொருளுக்குப் பொருத்தமானது. முப்பதாண்டு கொழுந்து பறித்த கைகளுக்கு அவ்விதி பொருந்துமா என்பது வேறு வினா. எங்கள் லயங்களில் அது இன்றும் விடை தேடும் வினா. ஆனால் நிரலைப் பொறுத்தவரை ஐயமில்லை. பிறப்பை நாம் அறிவோம். இறப்பு நம் கையில் இல்லை. ஆகவே, முடிவில் செய்யவேண்டிய கடமையை இறப்பின்மேல் ஏற்றாமல், கையில் இருக்கும்போதே செய்து முடிப்போமாக!