அது குருவிச்சை அல்ல

உடுப்பிட்டியில் எங்கள் வளவு மாமரத்தின் தாழ்ந்த கிளையில் நரைத்த தாடிபோல ஒரு செடி தொங்குகிறது. வீட்டில் அதைத் தாடிச்செடி என்போம். படலையைத் திறந்து வருகிறவர்களின் கண் முதலில் அதில்தான் விழும். உடனே தீர்ப்பும் வந்துவிடும்: "உதை இறக்கி எறியுங்கோ, குருவிச்சை மாதிரி. மரம் பட்டுப்போகும்."

இந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். குருவிச்சை பிடித்த மாமரம் கிளை கிளையாகக் காய்ந்ததைக் கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். குருவிச்சை கிளைக்குள் உறிஞ்சுவேரை இறக்கி, மரம் மேலேற்றும் நீரைப் பறித்துக் குடிக்கும். தாடிச்செடிக்கோ வளர்ந்தபின் வேரே இல்லை. கிளையில் சும்மா படுத்திருக்கிறது. கையால் தூக்கினால் வந்துவிடும், பட்டையில் கீறலும் இராது. ஆனால் அளவுக்கு மிஞ்சி அடர்ந்தால் இலைகளுக்கு வெயிலை மறைக்கும். மழையில் ஊறிக் கனத்தால் நொய்ந்த கிளையை முறிக்கவும் கூடும். அப்போது பாதியை எடுத்து வேறு கிளையில் போட்டுவிடுங்கள். செடியைப் பெருக்குவதற்கும் அதுதான் வழி.

ஆங்கிலத்தில் இதற்கு 'ஸ்பானிஷ் பாசி' என்று பெயர். இது பாசியும் அல்ல, ஸ்பெயின் நாட்டுக்கு உரியதும் அல்ல. டில்லான்ட்சியா உஸ்னியோய்டிஸ் என்ற இந்தச் செடி அன்னாசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. சின்னஞ்சிறு பச்சைமஞ்சள் பூப் பூக்கும். இரவில் மெல்லிய மணம் வரும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள அந்தக் குடும்பத்தில், மேற்கு ஆபிரிக்காவில் உள்ள ஒன்றைத் தவிர எல்லாமே அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. தாடிச்செடி வர்ஜீனியா தொடங்கி ஆர்ஜென்டினா வரை காடுகளில் தொங்குகிறது. "குளிர்நாட்டுச் செடி, நுவரெலியாவில்தான் நிற்கும்" என்பவர்கள் புளோரிடாவின் புழுக்கத்தை நினைத்துப் பார்க்கட்டும். எங்கள் வெக்கை இதற்குப் பெரிய துன்பம் அல்ல. துன்பம் தண்ணீரில்தான் இருக்கிறது.

"காத்தைக் குடிச்சே வாழும், தண்ணி தேவையில்லை" என்பதுதான் இந்தச் செடியைக் கொல்லும் நம்பிக்கை. இதற்கு வயதும் அதிகம். 17ஆம் நூற்றாண்டில் எலியாஸ் டில்லான்ட்ஸ் என்றொரு மருத்துவர் இருந்தார். கடற்பயணத்தில் பட்ட துன்பத்தால், திரும்பும்போது கப்பல் ஏறாமல் இடையிலிருந்த வளைகுடாவைச் சுற்றி நடந்தே ஊர் போனார் என்பது கதை. இந்த வகைச் செடிகளுக்கும் தண்ணீர் ஆகாது என்று எண்ணிய தாவரவியலாளர் லின்னேயஸ் அந்த மருத்துவரின் பெயரையே வைத்துவிட்டார். ஆக, பிழை பெயரிலேயே ஒட்டிக்கொண்டது.

உண்மையை நீங்களே பார்க்கலாம். காய்ந்து சாம்பல் நிறமாயிருக்கும் ஒரு இழையை எடுத்துக் கோப்பைத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். கண்முன்னே அது பச்சையாகும். இழை முழுவதும் நுண்ணிய செதில்கள் மூடியிருக்கின்றன. நீர் பட்டதும் அவை அதை உறிஞ்சிக் கண்ணாடிபோலத் தெளிய, உள்ளேயிருக்கும் பச்சை தெரிகிறது. வேரின் வேலையைச் செய்வது அந்தச் செதில்கள்தான். மாரியில் வானம் பார்த்துக்கொள்ளும். சோளகம் வீசும் மாதங்களில் நாங்கள்தான் நனைக்க வேண்டும், வாரத்தில் மூன்று நான்கு முறையாவது. காலையில் நனையுங்கள். இது காபனீரொட்சைட்டை உள்ளிழுப்பது பெரும்பாலும் இரவில். அந்நேரம் இழையில் நீர்ப்படலம் நின்றால் மூச்சடைக்கும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் வெட்டியவை. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பாருங்கள். அதே பொருக்குத்தான் செதில்களின் மேலும் மெல்ல மெல்லப் படிந்து வாயை அடைக்கும். கிணற்றுநீரை மட்டுமே தெளித்து ஒரு கோடையில் ஒரு கொத்தை நான் இழந்திருக்கிறேன். மழைநீர்தான் இதற்கு மருந்தும் உணவும். செப்புக் கம்பியில் கட்டித் தொங்கவிடவும் வேண்டாம், செம்பு கலந்த பூஞ்சணக்கொல்லி தெளிக்கவும் வேண்டாம். செம்பு இந்தக் குடும்பத்துக்கே நஞ்சு.

இனி டெங்கு. "உந்த இனமே நுளம்பு வளர்க்கும்" என்பதில் பாதி உண்மை உண்டு, அதை அலட்சியம் செய்யக்கூடாது. இதே குடும்பத்தின் குஸ்மேனியா, நியோரெகேலியா போன்ற அழகுச்செடிகள் இலைகளின் நடுவே கிண்ணம்போல நீர் தேக்கும். ஈடிஸ் நுளம்பின் குடம்பிக்கு அந்தச் சிறு குளமே போதும். 2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். எங்கள் குடாநாட்டிலும் மாரியை ஒட்டித்தான் நோய் ஏறும். முட்டை நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் எடுக்கும். எனவே கிண்ணச்செடி வைத்திருப்பவர்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது சாடியைச் சரித்து நீரைக் கொட்டி, குழாயால் வேகமாகக் கழுவிவிடுங்கள். அது முடியாதென்றால் அந்தச் செடியை வளர்க்காதீர்கள். தாடிச்செடியில் கிண்ணமில்லை, அதில் நுளம்பு முட்டையிட நீர் நிற்காது.

தாடிச்செடிக்கு மழைநீர் சேர்க்க, கார்த்திகை மழை தொடங்குமுன் பீலியின் கீழே ஒரு பீப்பாவை வையுங்கள். அதற்கு இறுக்கமான மூடியும் போடுங்கள். திறந்து கிடந்தால் நுளம்பு அங்கேதான் வரும்.