கப்பலூர் மண்ணில் பெய்கிற மழை எங்கே போகிறது?

வரப்புக்குள்ளே என்ன செய்யலாம் என்று இந்த இதழில் நிறையப் பேசியாயிற்று. ஜீவாமிர்தம், மூடாக்கு, பலதானிய விதைப்பு எல்லாம் நம்ம கையில் இருக்கிற வேலை. ஆனால் வயலுக்கு வரும் தண்ணீர் வரப்புக்கு வெளியே இருந்துதான் வருகிறது. மேலே எவர் நிலத்தில் விழுந்து, எந்தத் தளத்தில் ஓடி, எந்தச் சாக்கடையைத் தொட்டு வருகிறது என்பது தெரியாமல் ‘என் நிலம் நஞ்சில்லா நிலம்’ என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அதனால் இந்தப் பாடம் நீர்ப்பிடிப்பைப் பற்றியது.

கப்பலூரை எடுத்துக்கொள்வோம். வடக்கே மதுரையில் வைகை, தெற்கே திருமங்கலத்தில் குண்டாறு. வைகை வருசநாட்டு மலையில் பிறந்து 258 கி.மீ. ஓடுகிறது. வைகை அணை 1959-இல் வந்தது. அதற்கு முன்பே 1895-இல் முல்லைப்பெரியாறு அணை கட்டி, மேற்கே போன தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியாயிற்று. இன்றைக்குத் திருமங்கலம் பிரதான கால்வாயில் 19,439 ஏக்கர் ஒருபோகப் பாசனம் இருக்கிறது என்றால் அதன் வேர் பெரியாற்றுத் தண்ணீர். குண்டாற்றுக்கு அப்படி ஒரு அணைத் தண்ணீர் கிடையாது. மழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் மணல். காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அது வரும்போது வரட்டும். நம்ம தலைமேல் விழுகிற மழைக்கு முதலில் கணக்கு வைப்போம்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆக ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை என்றால் சுமார் 4,000 லிட்டர். மதுரை வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மி.மீ. பெய்கிறது. அதை வைத்துப் பார்த்தால் ஒரு ஏக்கருக்கு 34 லட்சம் லிட்டர்! நம்ப முடியவில்லை என்றால் பெருக்கிப் பாருங்கள். தண்ணீர் இல்லை என்று நாம் சொல்வதில் பாதி, தண்ணீர் நிற்கவில்லை என்பதுதான்.

இனி ஐப்பசி மாதத்து ஒரு சாயங்கால மழை, 40 மி.மீ. என்று வையுங்கள். ஏக்கருக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். நல்ல பயிர்மூட்டமும் மக்கும் உள்ள நிலத்தில் அதில் கால்வாசி ஓடினால் 40,000 லிட்டர். அதே ஒரு ஏக்கர் தகரக் கூரையாகவோ சிமெண்டுத் தளமாகவோ இருந்தால் பத்தில் ஒன்பது பங்கு ஓடிவிடும். கப்பலூரில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது, நாற்கரச் சாலை போகிறது, சுங்கச்சாவடி இருக்கிறது, வீட்டு மனைகள் பெருகிக்கொண்டே வருகின்றன. கணக்குக்காக நூறு ஏக்கர் கூரையும் தளமும் என்று வைத்தால், அந்த ஒரு மழையில் ஓடுவது ஒரு கோடியே 45 லட்சம் லிட்டர். கண்மாய்க் கணக்கில் சொன்னால் அரை மில்லியன் கன அடி. அந்தத் தண்ணீர் சுத்தமாக வரத்துக்காலில் இறங்கினால் கண்மாய்க்கு வரம். எண்ணெயும் பிளாஸ்டிக்கும் கழிவும் கலந்து வந்தால் அதே தண்ணீர் ஆயக்கட்டு முழுவதற்கும் கேடு. வரத்துக்கால் அடைபட்டிருந்தால் ரோட்டில் வெள்ளம், கண்மாயில் வறட்சி. இந்த மூன்றில் எது நடக்கிறது என்று மழை பெய்யும்போதே குடையோடு போய்ப் பார்த்தால்தான் தெரியும். வெயில் காலத்தில் ஆய்வு செய்து எழுதுகிற அறிக்கையில் இது வராது.

நம்ம கரிசலின் குணத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். கோடையில் கை நுழைகிற அளவு வெடித்துக் கிடக்கும். முதல் இரண்டு மழையை வெடிப்பு குடித்துவிடும், ஓட்டமே இருக்காது. பிறகு களி உப்பி வெடிப்பு மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் விழுகிற மழை மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் மேலோடே ஓடும், மண்ணையும் அள்ளிக்கொண்டு. ஆகவே கரிசலில் மண் காக்கும் வேலையெல்லாம் வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சரிவுக்குக் குறுக்கே உழவு, மண்ணை மூடி நிற்க ஒரு பயிர். கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் குதிரைவாலி விதைப்பவர்களுக்கு இது புதிது இல்லை. நெருக்கமாக முளைத்த குதிரைவாலி மண்ணைப் பிடித்து வைக்கிற மாதிரி, அகல இடைவெளி விட்டு நட்ட பருத்தி பிடிக்காது. பருத்திதான் போடுவேன் என்றால் ஊடே உளுந்தோ தட்டைப்பயறோ வேண்டும்.

மண் இறங்குதிறனை நீங்களே அளக்கலாம். 15 செ.மீ. குறுக்களவுள்ள பழைய பெயிண்டு டப்பாவின் அடியையும் மூடியையும் வெட்டிவிட்டு, மண்ணில் நாலு விரல் ஆழம் தட்டி இறக்குங்கள். உள்ளே 440 மி.லி. தண்ணீர் ஊற்றினால் அது ஒரு அங்குல மழைக்குச் சமம். முதல் தடவை ஊற்றியது இறங்கியதும் இன்னொரு 440 மி.லி. ஊற்றி, இந்த இரண்டாவது தடவைக்கு நேரம் பாருங்கள். ஈரமான மண் எவ்வளவு வாங்கும் என்பதை அதுதான் காட்டும். வயலில் ஒன்று, வேப்பமர நிழலில் ஒன்று, டிராக்டர் திரும்புகிற தலைமாட்டில் ஒன்று. மூன்றையும் நோட்டில் எழுதி வைத்து அடுத்த வருசமும் அதே இடத்தில் செய்யுங்கள். மக்குச் சத்து ஏறியிருக்கிறதா என்று மண் உங்களிடம் நேரடியாகச் சொல்லிவிடும்.

அடுத்தது வண்டல். மழை ஓடும்போது வயலின் வாய்மடையில் ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து மூன்று நாள் அசையாமல் வையுங்கள். கரிசல் களி லேசில் படியாது. தேத்தாங்கொட்டையை உரசி விட்டால் சீக்கிரம் படியும் (பாட்டிகளுக்குத் தெரிந்த ரசாயனம்). தெளிவை இறுத்துவிட்டு அடியில் உள்ளதைக் காயவைத்து நிறுங்கள். லிட்டருக்கு 5 கிராம் இருந்தால், 40,000 லிட்டர் ஓட்டத்தில் 200 கிலோ மேல்மண் ஒரே சாயங்காலத்தில் போய்விட்டது. ஒரு மி.மீ. கனம் மேல்மண் போனால் ஏக்கருக்கு ஏறக்குறைய 5 டன். நாம் வண்டி வண்டியாக எரு அடிப்பது இதற்குத்தானா?

போன மண் கண்மாய்க்குள்தான் கிடக்கிறது. அதைத் திரும்ப எடுக்க வழி உண்டு. 2024 முதல் வட்டாட்சியர் அனுமதியிலேயே விவசாயிகள் கண்மாய் வண்டலைக் கட்டணமில்லாமல் எடுக்கலாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர். ஆனால் ஒன்று. மடைக்கு முன்னால் குழி தோண்டிவிட்டால் மடை மட்டத்துக்குக் கீழே நிற்கிற தண்ணீர் வயலுக்கு ஏறாது. ஊர் நீர்பாய்ச்சியைக் கூட வைத்துக்கொண்டு எங்கே, எவ்வளவு ஆழம் என்று முடிவு செய்யுங்கள். கண்மாயில் கழிவுநீர் கலக்கிறது என்றால் அந்த வண்டலைச் சோதிக்காமல் வயலில் போட வேண்டாம்.

தண்ணீர்த் தரத்துக்கு டி.டி.எஸ். மீட்டர் ஒன்று ஐந்தாறு பேர் சேர்ந்து வாங்கினால் போதும். பாசனத்துக்கு 450-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 450 முதல் 2,000 வரை பயிரையும் மண்ணையும் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். 2,000-க்கு மேலே போனால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. மீட்டர் உப்பை மட்டும்தான் சொல்லும். ஈயம், குரோமியம், எண்ணெய் எதையும் அது சொல்லாது. கரிசலில் சோடியம் கூடினால் மண் இறுகித் தண்ணீரே இறங்காது. அதற்கு ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும். மேல் வரத்து, கண்மாய், கிணறு என்று மூன்று இடத்தில் மாதம் ஒருமுறை எடுத்துத் தேதியோடு எழுதுங்கள். வரத்தில் மட்டும் திடீரென்று ஏறினால் மேலே ஏதோ இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே போட்டோவும் மாதிரியும் எடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மதுரைக்குள்ளே ஓடுகிற கிருதுமால் நதி சாக்கடையாகிப் போனது ஒரே நாளில் நடந்ததில்லை.

வரத்துக்கால் எங்கே மறிக்கப்பட்டிருக்கிறது என்று தெரிய, கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும் ‘அ’ பதிவேடும் கேளுங்கள். ஓடைப் புறம்போக்கு என்று சிவப்பு மையில் வட்டமிட்டுக்கொண்டு, கண்மாய் உள்வாயில் தொடங்கி மேலே நடந்து போங்கள். ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஆனால் சர்வே எண் இல்லாத மனு அலமாரியில்தான் தூங்கும். மேல் கண்மாய்க்காரர்களையும் கூட்டிக்கொண்டு நடப்பது நல்லது. அவர்கள் கலுங்கு மறுகால் பாய்ந்தால்தானே நமக்குத் தண்ணீர்.

கிராம சபை நவம்பர் 1-இல் கூடும். அதற்குள் ஐப்பசி மழையில் இரண்டு மூன்று நல்ல மழை விழுந்திருக்கும். டப்பாச் சோதனை நேரம், பாட்டில் எடை, மீட்டர் அளவு, நடந்து பார்த்த சர்வே எண்கள் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும், தீர்மானத்தோடு இணைக்கச் சொல்லலாம்.